பதினோராவது பாண் துண்டு

ஒரு கொத்து அரிசியை ஏழு தரம் சுளகில் கொட்டி, ஏழு தரமும் மணி மணியாகப் பார்க்கிற பெண்ணை நீங்கள் கண்டிருக்க மாட்டீர்கள். நான் கண்டிருக்கிறேன். கண்டுவிட்டு என் பாட்டில் போயிருந்தால் நல்லது. அவளோடு ஒரே குசினியில் இரண்டு மாதம் கிடந்தேன். அந்த இரண்டு மாதமும் என் வயிறு எரிந்த எரிச்சலில் இரண்டு பானை சோறு ஆக்கியிருக்கலாம்.

முதல் தரம் பார்க்கும்போது கல்லும் உமியும் போகும். இரண்டாம் தரம் உடைந்த மணிகள் போகும். மூன்றாம் தரத்துக்குப் பிறகு எனக்குத் தெரிய அதில் ஒன்றுமே இருக்காது. அவள் சுளகை வெளிச்சத்துப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, "ஒரிக்கல் கூடி" என்பாள். இன்னொருக்கா என்று அர்த்தம். அவள் பேசியது மலையாளமும் தமிழும் கலந்த பேச்சு. அதை எனக்கு விளங்கியபடி எங்கள் பேச்சிலேயே சொல்கிறேன். ஆனால் அந்த இரண்டு சொல்லை மட்டும் மாற்ற மனம் வரவில்லை. இப்போதும் யாராவது ஒரு வேலையைத் திரும்பச் செய்யச் சொன்னால் என் காதில் அதுதான் கேட்கிறது.

எல்லோரும் அவளைக் கொச்சிக்காரி என்றார்கள். நேரில் நான் அம்மா என்பேன். பின்னால் நானும் கொச்சிக்காரிதான் என்பேன், அதுவும் பல்லைக் கடித்துக்கொண்டு. பெயர் தெரியும். சொல்ல மாட்டேன்.

அது வெள்ளைக்காரன் காலம். மரிச்சுக்கட்டிக் கரையில் முத்துக்குளிப்பு நடந்த வருசங்கள். மற்ற நாளில் முயலும் முட்பற்றையும் மட்டும் கிடக்கிற மணலில், குளிப்புத் தொடங்கினால் பின்னிய தென்னோலைக் கிடுகாலேயே ஒரு பட்டினம் எழும்பிவிடும். கடை, கந்தோர், மறியற்கூடம், ஓலைக் கோயில், பள்ளிவாசல் எல்லாம் இருக்கும். கரை முழுக்கச் சிப்பி அழுகும். நாற்றம் முதல் மூன்று நாள் குடலைப் பிடுங்கும், நாலாம் நாள் பழகிவிடும்.

என் புருசன் கடலில் போய் அப்போது இரண்டு வருசம். எங்கள் ஊர் தோட்டவெளியில் மாமி வீட்டில் எனக்கு இருப்பு இல்லை. அவர் கடலுக்கு இறங்கின கையோடு நான் வாசல் கூட்டினேனாம், அதுதான் அவரையும் கூட்டித் தள்ளிவிட்டதாம். மாமி இதைக் கிணற்றடியில் சொன்னாள், கோயிலடியில் சொன்னாள், செத்த வீட்டில் வந்தவர்களுக்கெல்லாம் சொன்னாள். கடைசியில் அண்ணன், முத்துக்குளிக்கிறவர்களுக்குக் கயிறு பிடிக்க மரிச்சுக்கட்டிக்குப் போகும்போது, என்னையும் கூட்டிக்கொண்டு போனான். அங்கே கொச்சியிலிருந்து வந்த யூத முத்து வியாபாரி ஒருவருக்குச் சமைக்க ஆள் தேவைப்பட்டது. நான் போய்ச் சேர்ந்தேன்.

முதல் வருசம் அந்தக் குசினிக்கு நான்தான் மகாராணி. முதலாளி தனியாக வந்திருந்தார். முப்பது வயதிருக்கும். பன்றி தொட மாட்டார், செதிள் இல்லாத மீன் தொட மாட்டார், சனிக்கிழமை கையைக் கட்டிக்கொண்டு இருப்பார். மற்றபடி நான் வைத்ததைச் சாப்பிடுவார். விசேசமாக என்னுடைய பாண். கோதுமை மாவில் பனங்கள்ளு விட்டுப் பிசைந்து மூடி வைத்தால், விடிய மா மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும். குசினிக்குப் பின்னால் களிமண்ணால் நானே கட்டிய போறணையில் அதைச் சுடுவேன். "உன்ர பாண் மாதிரிக் கொச்சியிலகூட இல்லை" என்று முதலாளி ஒரு நாள் சொன்னார். புருசன் போனபிறகு என்னைப் பார்த்து ஒரு மனிதர் சொன்ன நல்ல வார்த்தை அது ஒன்றுதான். அதில் வேறு அர்த்தம் தேட வேண்டாம். அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு வருசம் முழுக்கக் காலம் தள்ளினேன்.

அந்த வருசமும் அவர்களுடைய பாஸ்காப் பண்டிகை வந்தது. பாஸ்கா என்ற சொல் கத்தோலிக்கரான எங்களுக்கும் கோயிலில் கேட்டுப் பழகியதுதான். முதலாளி எட்டு நாளைக்குப் பாண் வேண்டாம் என்றார். புளித்த மா வீட்டிலேயே இருக்கக் கூடாதாம். எட்டு நாளும் அவித்த முட்டையும் பேரீச்சம்பழமும் தின்று மெலிந்துபோனார். ஒன்பதாம் நாள் விடியவே வந்து பாண் கேட்டார். நானும் மனம் ஆறினேன்.

மறு வருசம் அவர் தனியாக வரவில்லை. அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தார். நாற்பது வயதுக்கு உட்பட்டவள், ஒல்லி, நீண்ட கழுத்து. இரண்டு பெட்டி நிறையச் செம்புப் பாத்திரங்கள் கொண்டுவந்து பூட்டியபடியே மூலையில் வைத்தாள். பிறகு என் அடுப்பைப் பார்த்தாள், என் சட்டிகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "சமைக்கிறது நீ. பானையைத் தூக்கி அடுப்பில வைக்கிறது நான்" என்றாள்.

அவர்களுடைய முறை அப்படியாம். அரிவது நான், அரைப்பது நான், புளி கரைப்பது நான். கடைசியில் அவள் கைகழுவி வந்து பானையைத் தூக்கி நெருப்பில் வைத்துவிட்டுப் போவாள். அதோடு அது அவள் சமைத்த கறி ஆகிவிடும். முதலாளி சாப்பிட்டுவிட்டு, "நல்லாயிருக்கக்கா" என்பார். அக்கா தலையை ஆட்டுவாள். நான் கதவு மறைவில் நின்று எரிவேன்.

இவளை எப்படியும் மடக்க வேண்டும் என்று ஒரு நாள் பெரிய நண்டாக இரண்டு வாங்கிவந்து, ஓடு சிவக்க மிளகுக் கறி வைக்க ஆயத்தம் செய்தேன். மன்னாரில் நண்டுக் கறிக்கு மயங்காத ஆளில்லை. அவள் நண்டைக் கண்டதும் இரண்டடி பின்னால் போனாள். அந்தச் சட்டியைத் திரும்ப உள்ளே கொண்டுவர விடவில்லை. சிப்பியும் அப்படித்தான். சிப்பிக்குள்ளிருந்து வந்த முத்தைக் கையில் வைத்து நாள் முழுக்க உருட்டுவார்கள். அந்தச் சிப்பி இறைச்சி வாய்க்குப் போகாது. இதென்ன கூத்து என்று தண்ணீர் கொண்டுவருகிற ராத்தாவிடம் சொன்னேன். ராத்தா முசலிப் பக்கத்து முஸ்லிம் பெண். நன்னீர்க் கிணற்றிலிருந்து எங்களுக்குத் தண்ணீர் சுமந்தவள்.

"கூத்தில்ல புள்ள. உனக்கு வயித்தெரிச்சல்" என்றாள் ராத்தா.

"எனக்கென்ன எரிச்சல்?"

"அவ வந்த நாள்ல இருந்து நீ சட்டியள வைக்கிற சத்தம் கிணத்தடி வரைக்கும் கேக்குது."

ராத்தாவுக்குத் தெரிந்தது சட்டிச் சத்தம் மட்டுந்தான். என்னை உண்மையில் கொன்றது வேறு. கொச்சிக்காரியும் என்னைப்போல் புருசனை இழந்தவள். அதை அவள் ஒளிக்கவும் இல்லை. ஆனால் சிவப்புக் கரை போட்ட முண்டு கட்டினாள். காதில் பொன் போட்டாள். தம்பிக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து சாப்பிட்டாள். தம்பி ஒரு முத்து வாங்குவதென்றால் முதலில் அவளிடம் காட்டினார். அவள் மூன்று நாள் பார்த்து, மூன்றாம் நாளும் "ஒரிக்கல் கூடி" என்று கேட்டால், பொறுமையாய்த் திரும்பக் கொண்டுவந்து காட்டினார். எனக்கோ ஒரு கலியாண வீட்டில் முன்னுக்கு நிற்க முடியாது. நல்ல காரியத்துக்கு யாரும் புறப்பட்டால் நானாகவே வளவுக்குப் பின்னால் போய்விடுவேன். நானும் அவளும் ஒன்றுதானே, அவளுக்கு மட்டும் ஏன் என்று ஒவ்வொரு நாளும் கேட்டேன். யாரிடம் கேட்டேன் என்று தெரியாது.

பங்குனி நடுவில் பாஸ்காவுக்கு வேலை தொடங்கியது. அதுவரை கண்டதெல்லாம் ஒன்றுமில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. பெட்டி, பாய், தலையணை எல்லாம் வெளியே வந்து வெயிலில் கிடந்தன. சட்டைப் பைகளையெல்லாம் வெளியே இழுத்து உதறினாள். கிடுகுச் சுவரை ஈர்க்கால் குத்திக் குத்தித் தட்டினாள். நாலு பக்கமும் ஆயிரம் அடுப்பு எரிகிற, காற்றெல்லாம் மாத் தூசு பறக்கிற அந்த மணலில் நின்று, ஒரு துகள் புளித்த மா இருக்கக் கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

அரிசி பொறுக்கியதும் அதற்காகத்தான். அரிசியோடு ஒரு கோதுமை மணி கலந்திருந்தால், அது ஈரம் பட்டுப் பொங்கிப் புளிக்குமாம். ஏழாம் தரம் நானும் அவளும் எதிரெதிரே இருந்து பார்த்தோம். நான் பார்த்து முடித்த குவியலை அவள் தன் பக்கம் இழுத்து எடுத்து, எட்டாம் தரமும் பார்த்தாள். என் குவியலை மட்டும்.

"நான் வடிவாப் பாத்தனான் அம்மா."

"பாத்திருப்பாய்" என்றாள், கண்ணை எடுக்காமல்.

பிறகு என் போறணைக்கு வந்தாள். கடைசியாக ஒரு பாண் சுட்டுத் தா என்று வாங்கி வெளியே ஓரிடத்தில் வைத்தாள். மறுநாள் போறணைக்குள் விறகை அடைத்து, களிமண் சிவக்கும்வரை எரித்து, உள்ளே சுரண்டி, திரும்பவும் எரித்தாள். என் கையால் கட்டிய போறணை. அதன் பக்கம் வர வேண்டாம், உன் கையில் புளித்த மா பட்டிருக்கும் என்று என்னைப் பத்தடி தள்ளி நிறுத்தினாள். ராத்தாவோ வரலாம். ராத்தா முதல்நாள் பொழுதுபட இறைத்து வைத்த தண்ணீர், இரவு முழுக்க மூடியிருந்து ஆறிய தண்ணீர், அதில்தான் மாப் பிசைய வேண்டுமாம். ராத்தா என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே குடத்தை இறக்கினாள்.

பிறகு அக்காவும் தம்பியும் ரொட்டி சுட்டதைப் பார்த்தேன். மாவில் தண்ணீர் விட்ட நேரம்தொட்டு அவள் கை நிற்கவில்லை. பிசைந்து, தட்டி, முள்ளால் குத்தி, நெருப்புக்குள் போட்டு எடுக்கும் வரைக்கும் ஒரு மூச்சு. ஆறவிட்டால் மா புளிக்கத் தொடங்கிவிடும். எகிப்திலிருந்து இராவோடிராவாக ஓடின அன்றைக்கு மா பொங்கும்வரை காத்திருக்க நேரமில்லை, அந்த அவசரத்தை வருசா வருசம் கையால் திரும்பச் செய்து பார்க்கிறோம் என்று பிறகொரு நாள் சொன்னாள். எனக்கு அன்றைக்கு எகிப்து மனதில் நிற்கவில்லை. முதலாளி, கந்தோர் வெள்ளைக்காரன்கூட எழும்பி நின்று பேசுகிற முதலாளி, சட்டைக் கையை மடித்துக்கொண்டு நிலத்தில் இருந்து அக்காவுக்கு ரொட்டி தட்டிக் கொடுத்ததுதான் மனதில் நின்றது. "கெதியா, கெதியா" என்று அவள் அதட்டினாள். அவரோ சிரித்தார்.

அன்றைக்குத்தான் எனக்குக் கெட்ட புத்தி வந்தது.

பாஸ்காவுக்கு முதல்நாள் பொழுதுபட்டதும் வீடு முழுக்க விளக்குப் பிடித்துத் தேடுவது அவர்கள் வழக்கம். எல்லாம் துப்பரவாக்கிய வீட்டில் தேட என்ன இருக்கிறது? அதனால் வேண்டுமென்றே பத்துப் பாண் துண்டைக் கடதாசியில் சுற்றி ஒருவர் ஒளித்து வைப்பார், மற்றவர் தேடி எடுப்பார். ஒளித்த இடங்களையும் ஒரு தாளில் எழுதி வைப்பார். தேடி எடுத்த பத்தும் மறுநாள் காலை நெருப்புக்குப் போகும். துண்டு வெட்டும் வேலையை என்னிடம் தந்தாள். வெளியே மணலில் இருந்து அந்தக் கடைசிப் பாணை வெட்டினேன். பதினொரு துண்டு வெட்டினேன். பத்தைக் கொடுத்துவிட்டு, பதினோராவதை ஒரு கடதாசியில் சுற்றி மடியில் செருகினேன். கை கால் கழுவி, உடுப்பு மாற்றி, பாய் எடுத்து வைக்கிற சாட்டில் உள்ளே போனபோது, பொறுக்கிய அரிசிப் பானைக்கு மேலே, கிடுகுக்கும் வளைத்தடிக்கும் இடையில் அதைச் சொருகினேன்.

நான் நினைத்தது இதுதான். பாஸ்கா நாளில், எல்லோரும் இருக்கிற நேரம், தற்செயலாக நிமிர்ந்து பார்க்கிற மாதிரிப் பார்த்து, "அம்மா, இதென்ன இஞ்ச கிடக்கு?" என்று கேட்பேன். தம்பியின் முன்னால் அவள் முகம் எப்படிப் போகிறது என்று பார்ப்பேன். அவ்வளவுதான்.

பொழுதுபட்டது. தம்பி ஒளித்தார், அக்கா தேடினாள். விளக்குப் பிடிக்க யார்? என்னைத்தான் கூப்பிட்டாள். ஒரு கையில் கோழி இறகு, மறு கையில் மர அகப்பை. துண்டை இறகால் அகப்பைக்குள் தள்ளுவாள். ஒன்று, இரண்டு என்று பத்தும் வந்தது. தாளோடு ஒத்துப்பார்த்தாள். சரி. முடிந்தது என்று நான் மூச்சு விட்டேன். "ஒரிக்கல் கூடி" என்றாள்.

திரும்ப முதலிலிருந்து. அரிசிப் பானையடிக்கு வந்தபோது அவள் நிமிர்ந்து மேலே பார்த்தாள். நான் விளக்கைத் தாழ்த்தினேன். நிழல் கிடுகின் மேல் விழுந்தது, அவள் அடுத்த மூலைக்குப் போனாள்.

தேடி முடித்து வாசலில் நின்று, தங்கள் பாசையில் ஏதோ சொன்னாள். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். பயத்தில் கேட்டதோ எகத்தாளத்தில் கேட்டதோ, இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை.

"நான் காணாமல் விட்ட புளிச்ச மா ஏதும் இருந்தால், அது மண்தூசி மாதிரி, எங்கட இல்லை எண்டு சொன்னனான்."

"அப்ப காணாமல் விட்டாலும் குற்றமில்லைத்தானே?"

"வேதத்துக்கு அது போதும். எனக்குப் போதாது" என்றாள். பிறகு வாசற்படியில் இருந்து கால் மணலைத் தட்டியபடி தன் கதையைச் சொன்னாள். என்னிடம் அவள் நீளப் பேசியது அந்த ஒரு முறைதான். கலியாணம் செய்து மூன்றாம் வருசம், பாஸ்கா நாலாம் நாள், அவள் பொறுக்கிய அரிசியில் ஒரு கோதுமை மணி கிடந்தது. சோற்றுக்குள் பொங்கிக் கிடந்தது. புருசன்தான் கண்டார். அடுத்த பாஸ்கா வருமுன் காய்ச்சலில் போய்விட்டார். பாஸ்காவில் பெண் விடுகிற பிழை அந்த வீட்டு ஆம்பிளையின் உயிரில் முடியும் என்று அவர்கள் ஊரில் ஒரு பயம் உண்டாம். "உன்ர கண்தான் என்ர மகனைக் கொன்றது எண்டு மாமி சொன்னவ. செத்த வீட்டில, எல்லாருக்கும் கேக்க."

நான் விளக்கைக் கீழே வைத்தேன்.

"இப்ப எனக்கு இருக்கிறது தம்பி ஒருத்தன். போன வருசம் இவன் இஞ்ச முட்டையும் பழமும் திண்டு காஞ்சு வந்தவன். தனிய விடவும் ஏலாது. வந்து பிழை விடவும் பயம்."

ஐயோ பாவம் என்று நினைக்கத் தொடங்கி, பாதியிலேயே எனக்கு எரிச்சல் வந்தது. அதையும் ஒளிக்க மாட்டேன். மாமியிடம் ஏச்சு வாங்கியதிலும் இவள் எனக்குக் குறைவில்லை, அப்படியிருந்தும் இவளுக்குத் தம்பி பக்கத்தில் கதிரை கிடைத்திருக்கிறது. கிடக்கட்டும் அந்தத் துண்டு என்று எழும்பிப் போனேன்.

விடிய, கவுண்மெந்துப் பீரங்கி வெடித்தது. ஓடங்கள் வெளிக்கிடுகிற வெடி. அண்ணன் என் கொட்டிலுக்கு முன்னால் வந்து, "போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுக் கரைக்கு இறங்கினான். வாசலில் குப்பை கிடந்தது. விளக்குமாற்றைக் கையில் எடுத்தேன். எடுத்தபடியே நின்றேன். அவன் ஓடத்தின் பாய் கண்ணுக்கு மறையும்வரை கூட்ட எனக்குத் தைரியம் வரவில்லை. என் மாமி சொன்னது பொய் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் மூன்று வருசமாக ஆள் வெளிக்கிட்ட வாசலை நான் கூட்டியதில்லை. அப்படியே நின்றபோதுதான் கொச்சிக்காரியின் கிடுகுக்குள் நான் எதைச் செருகி வைத்திருக்கிறேன் என்று விளங்கியது.

முதலில் பங்குச் சுவாமியிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். நாங்கள் இறைச்சி விலக்குகிற தபசு காலம், ஓலைக் கோயிலில் சனிக்கிழமை பாவசங்கீர்த்தனம் கேட்பார். ஆனால் சுவாமியிடம் சொன்னால் எனக்கு மன்னிப்புக் கிடைக்கும், பாண் துண்டு கிடந்த இடத்திலேயே கிடக்கும். களவாக எடுக்கலாமென்றால் இன்று அவள் என்னை உள்ளே விடமாட்டாள். வெயில் பனையளவு ஏறுமுன் எல்லாம் எரித்து முடித்துவிட வேண்டும் என்று நேற்றே சொன்னாள். அதற்குப் பிறகு கண்டால் பிழை பிழைதான்.

நான் ஓடினேன். முதலாளி சிப்பி ஏலத்துக்குப் போயிருந்தார். அவள் முற்றத்தில் சுள்ளி மூட்டி, பத்துத் துண்டையும் அகப்பையோடு நெருப்பில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இன்னும் ஒரு துண்டு கிடக்கு."

"பத்தும் இருக்கு. எண்ணினனான்."

"பதினொண்டு வெட்டினனான். ஒண்டை நான்தான் வைச்சனான். அரிசிப் பானைக்கு மேல, கிடுகுக்குள்ள."

அவள் ஏன் என்று கேட்பாள், அதற்கு என்ன சொல்வது என்று ஓடி வரும்போதே யோசித்தேன். கேட்கவில்லை. உள்ளே போனாள். முக்காலியில் ஏறுகிற சத்தம் கேட்டது. கடதாசிச் சுருளை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு வந்தாள். பானையை மூடியிருந்த துணியையும் அப்படியே சுருட்டிக் கொண்டுவந்தாள். இரண்டையும் நெருப்பில் போட்டாள். முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது.

"வேற ஏதும் வைச்சனியோ?"

"இல்லை."

என்னைப் பார்த்தாள். அரிசி பார்க்கிற அதே பார்வை. நான் கண்ணை எடுக்கவில்லை. துண்டுகள் கருகி முடிந்ததும் இரவு சொன்ன வார்த்தையையே திரும்பச் சொன்னாள், இந்த முறை கண்டதையும் காணாததையும் சேர்த்து. பிறகு கையைத் தட்டிவிட்டு, பாஸ்காவுக்கென்றே பூட்டியிருந்த செம்புப் பாத்திரப் பெட்டிகளைத் திறக்கப் போனாள். இனி வீட்டைத் திரும்பக் கொட்டிக் கவிழ்ப்பாள், அரிசியை மணலில் ஊற்றுவாள், ஒரிக்கல் கூடி என்பாள் என்று நான் முற்றத்திலேயே காத்து நின்றேன். அவள் சொல்லவில்லை. என்னுடைய "இல்லை" ஒன்றை வைத்துக்கொண்டு, தன் தம்பியின் உயிரை அதன் மேல் வைத்துவிட்டுப் போனாள். மத்தியானம் முதலாளி வந்து எல்லாம் முடிந்ததா என்று கேட்டபோதும், "முடிஞ்சுது" என்று மட்டுந்தான் சொன்னாள். இப்போது துரத்துவாள், பிறகு துரத்துவாள் என்று நான் மூட்டையைக் கட்டி வைத்திருந்தேன்.

அன்று மாலை அவர்கள் பாஸ்கா கொண்டாடியதை நான் கிடுகுக்கு வெளியே இருந்து கேட்டேன். வாசலைத் திறந்து வைத்திருந்தார்கள். பசித்தவர் யாரானாலும் வந்து சாப்பிடட்டும் என்று தொடக்கத்திலேயே சொல்ல வேண்டும் என்பது அவர்கள் முறை. வீட்டில் சின்னப் பிள்ளை கேள்வி கேட்க வேண்டும். பிள்ளை இல்லாததால் முதலாளியே பிள்ளை மாதிரி, இந்த இரவு ஏன் மற்ற இரவு மாதிரி இல்லை என்று கேட்டார். அவள் புத்தகத்தைப் பார்த்து உரக்க வாசித்துப் பதில் சொன்னாள், எங்கள் சுவாமி பூசையில் வாசிக்கிற மாதிரி. கசப்பு இலையை உப்புத் தண்ணீரில் தொட்டார்கள். அடிமையாய் இருந்தவர்கள் வேறு யாரோ அல்ல, நாங்கள்தான் என்று சொல்ல வேண்டுமாம். ஒரு விதவை வாசிக்கிறாள், ஒரு ஆண் தலை குனிந்து கேட்கிறார். எனக்கு அங்கே எழும்பிப் போகவும் மனமில்லை, இருக்கவும் மனமில்லை.

மறுநாள் மத்தியானம் அவளே என் கொட்டிலுக்கு வந்தாள். தாமரை இலையில் சோறு, அந்த ஏழு தரம் பார்த்த அரிசிச் சோறு, அதன் மேல் பொரித்த மீன், ஓரத்தில் காய்ச்சிய பேரீச்சம்பழப் பாகு.

"இறைச்சியும் ஆக்கினனான். உனக்குத் தபசு காலம் எண்டு மீன் கொண்டந்தனான்" என்று சொல்லி வைத்துவிட்டுப் போனாள்.

எனக்குப் பசி. வாயூறியது. ஆனால் கை போகவில்லை. நான் அவளுக்குச் செய்த வேலைக்கு அவள் இதற்குள் என்ன வைத்திருப்பாள் என்று புத்தி ஓடியது. பெரிய வெள்ளிக்கிழமைகளில், ஆண்டவரைக் கொன்றவர்கள் என்று யூதரைப்பற்றிக் கோயிலில் கேட்டதெல்லாம் நினைவுக்கு வந்தது. கொட்டிலடியில் ஒரு நாய் படுத்திருந்தது. ஒரு பிடி சோற்றில் மீனைப் பிசைந்து அதற்குப் போட்டேன். விழுங்கியது. வாலை ஆட்டியது. நான் அதன் வயிற்றையே பார்த்துக்கொண்டு குந்தியிருந்தேன்.

நிமிர்ந்தபோது கொச்சிக்காரி முன்னால் நின்றாள். கையில் சின்னச் செம்புக் கிண்ணம், கொஞ்சம் பாகு கூடக் கொண்டுவந்திருந்தாள். நாயைப் பார்த்தாள், இலையைப் பார்த்தாள். அவளுக்கு விளங்க இன்னொரு தரம் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

என் எதிரில் மணலில் குந்தினாள். என் இலையிலிருந்தே ஒரு வாய் எடுத்துத் தன் வாயில் வைத்தாள். அவசரப்படாமல் மென்று விழுங்கினாள். பாகிலும் விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"இனிச் சாப்பிடு" என்றாள்.

கிண்ணத்தை வைத்துவிட்டு எழும்பி, முண்டில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டு போனாள். நான் அவள் முதுகைப் பார்த்தபடி சாப்பிட்டேன். மீனில் உப்பு அளவாக இருந்தது. பாவி, அதற்கும் எனக்கு எரிச்சல் வந்தது.